டி4 ஃபேஜ் டிஎன்ஏவை ஈகோஆர்-1 ஏன் வெட்டவில்லை?

ஆய்வக_அணில்

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக டி4 ஃபேஜை (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) ஈ. கோலை பி என்ற பாக்டீரியாத் திரிபில் வளர்த்து, பெக் போட்டு வீழ்படிவாக்கி, ஃபீனால்-குளோரோஃபார்ம் முறையில் டிஎன்ஏ பிரித்தெடுத்தேன். நானோடிராப் அளவீடு நன்றாக இருக்கிறது. வெட்டாமல் ஓட்டிய ஜெல்லில் கிணற்றுக்குக் கொஞ்சம் கீழே ஒரே கெட்டிப் பட்டை.

பிரச்சினை இதுதான். டிஎன்ஏவைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் வெட்டும் ஈகோஆர்-1 நொதியைப் போட்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன், வெட்டவில்லை. ராத்திரி முழுக்க வைத்தும் அதே பட்டை. ஹிண்ட்-3, பாம்ஹெச்-1 என்ற வேறு இரண்டு வெட்டும் நொதிகளிலும் அதே கதை. பக்கத்துக் குழாயில் லாம்டா என்ற இன்னொரு ஃபேஜின் டிஎன்ஏவை ஹிண்ட்-3-ல் வெட்டினேன். 23 கேபி, 9.4, 6.6 என்று பட்டைகள் அழகாக வந்துவிட்டன. நொதி வேலை செய்கிறது என்பது தெளிவு. தரவுத்தளத்தில் இருக்கும் டி4 வரிசையில் தேடினால் ஈகோஆர்-1 வெட்டும் வரிசையான ஜி-ஏ-ஏ-டி-டி-சி பல இடங்களில் இருக்கிறது.

வழிகாட்டி 'உப்பு மிச்சமிருக்கும், எத்தனாலில் கழுவு' என்றார். கழுவிப் பார்த்தும் பயனில்லை. யாராவது உதவுங்களேன்.

கோதண்டம்

தம்பி, முதலில் மாதிரியில் நொதியைத் தடுக்கும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். லாம்டாவையும் டி4-ஐயும் ஒரே குழாயில் கலந்து ஹிண்ட்-3 போடுங்கள். ஃபீனாலோ உப்போ மிச்சமிருந்தால் லாம்டாவும் வெட்டுப்படாது. லாம்டா வெட்டுப்பட்டு டி4 மட்டும் மேலே அப்படியே நின்றால் கோளாறு உங்கள் கைவேலையில் இல்லை, அந்த டிஎன்ஏவிலேயே இருக்கிறது.

நுண்வலை

கோதண்டம் சார் சொன்ன சோதனையைச் செய்யுங்கள், ஆனால் விடையை இப்போதே சொல்லிவிடலாம். நீங்கள் எடுத்தது நல்ல டிஎன்ஏதான். அதில் சைட்டோசின் கிடையாது.

1952-ல் ஜெரார்டு வயட், சீமோர் கோஹன் இருவரும் டி2, டி4, டி6 ஃபேஜ்களின் டிஎன்ஏவை அமிலத்தில் உடைத்துத் தாள் நிறப்பகுப்பில் ஓட்டினார்கள். புற ஊதா விளக்கின் கீழே அடினின், தைமின், குவானின் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. சைட்டோசின் இடம் காலி. வேறொரு இடத்தில் புதிய புள்ளி ஒன்று. அது 5-ஹைட்ராக்ஸிமெத்தில்சைட்டோசின், சுருக்கமாக ஹெச்எம்சி. சைட்டோசினின் ஐந்தாவது கார்பனில் ஒரு சிஹெச்2ஓஹெச் கூடுதலாக ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். குவானினோடு இணை சேரும் முகம் மாறுவதில்லை, மூன்று ஹைட்ரஜன் பிணைப்பும் அப்படியே இருக்கும். அதனால் படியெடுப்புக்கோ புரத உற்பத்திக்கோ எந்த இடைஞ்சலும் இல்லை.

டி4 அதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அந்த ஓஹெச்-சின் மேல் ஒரு குளுக்கோஸை ஒட்டுகிறது. டி4-ல் எல்லா ஹெச்எம்சி-யிலும் குளுக்கோஸ் இருக்கும். சுமார் 70 சதவீதம் ஆல்ஃபா பிணைப்பு, 30 சதவீதம் பீட்டா. டி2-விலும் டி6-லும் கால்வாசி வெறுமனே நிற்கும். டி6-ல் பெரும்பாலான இடங்களில் இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த சங்கிலி.

இந்த ஐந்தாவது கார்பன் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். இரட்டைச் சுருளின் பெரிய பள்ளத்தை நோக்கி நிற்கிறது. ஈகோஆர்-1 போன்ற நொதிகள் சுருளைப் பிரித்துப் படிப்பதில்லை. பார்வையில்லாதவர் பிரெய்ல் எழுத்தைத் தடவிப் படிப்பது போல அந்தப் பள்ளத்தில் புகுந்து காரங்களின் விளிம்பைத் தொட்டு அடையாளம் காண்கின்றன. அங்கே குளுக்கோஸ் துருத்திக்கொண்டிருந்தால் நொதியால் உட்காரவே முடியாது. உங்கள் மூன்று நொதிகளின் இடங்களையும் பாருங்கள், மூன்றிலும் சி இருக்கிறது.

கையோடு இரண்டு சோதனை சொல்கிறேன். ஒன்று, ட்ரா-1 நொதி. அதன் இடம் டி-டி-டி-ஏ-ஏ-ஏ, சி-யே கிடையாது. டி4-ஐ வெட்டும். இரண்டு, ஈகோஆர்-1 இடம் உள்ள ஒரு சின்னத் துண்டை உங்கள் டி4 டிஎன்ஏவிலிருந்தே பிசிஆரில் பெருக்கி, அந்தத் துண்டை ஈகோஆர்-1-ல் வெட்டுங்கள். பிசிஆர் குழாயில் நீங்கள் போடுவது சாதாரண டிசிடிபி, அதாவது சைட்டோசினைத் தரும் மூலப்பொருள். அதனால் பெருக்கிய துண்டில் சாதாரண சைட்டோசின்தான் இருக்கும், வெட்டுப்படும்.

சுன்னாகம்_சுதன்

வணக்கம். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மிகவும் பயனான இழை. எனக்கு விளங்காத ஓர் இடம் இருக்கிறது. பற்றீரியாவின் கலத்துக்குள் சாதாரண சைற்றோசின் தாராளமாக இருக்கிறதே. ஃபேஜ் தன் டிஎன்ஏ-யைக் கட்டும்போது அது கலந்துவிடாதா? நொதியம் ஒவ்வொரு தடவையும் சரியான காரத்தைத் தேர்ந்தெடுக்கிறதா?

நுண்வலை

அருமையான கேள்வி, சுதன். டி4-ன் பாலிமரேஸ், அதாவது டிஎன்ஏவைக் கட்டும் நொதி, இந்தத் தேர்வைச் செய்வதில்லை. டிசிடிபி கொடுத்தால் அதையும் சேர்த்துவிடும். அதனால் ஃபேஜ் டிசிடிபியே கிடைக்காதபடி பார்த்துக்கொள்கிறது.

டிஎன்ஏ உள்ளே போன சில நிமிடங்களில் மூன்று ஃபேஜ் நொதிகள் தயாராகிவிடும். மரபணு 56-ன் நொதி கலத்தில் இருக்கும் டிசிடிபி, டிசிடிபி இரண்டில்... மன்னிக்கவும், தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்தாக வந்துவிடுகிறது. மூன்று பாஸ்பேட் உள்ளதையும் இரண்டு பாஸ்பேட் உள்ளதையும் சேர்த்து உடைத்து, ஒற்றைப் பாஸ்பேட் உள்ள டிசிஎம்பி ஆக்குகிறது. மரபணு 42-ன் நொதி, டிசிஎம்பி ஹைட்ராக்ஸிமெத்திலேஸ், மெத்திலீன் டெட்ராஹைட்ரோஃபோலேட்டிலிருந்து ஒரு கார்பனை எடுத்து டிசிஎம்பி-யின் ஐந்தாவது இடத்தில் வைக்கிறது. அப்புறம் மரபணு 1-ன் கைனேஸ் ஒரு பாஸ்பேட் சேர்க்க, மீதி ஒன்றை பாக்டீரியாவின் சொந்த நொதியே சேர்த்துக் கொடுக்கிறது. ஆக, பாலிமரேஸின் கைக்கு வருவது ஹெச்எம்சி மட்டும்தான்.

இந்த ஹைட்ராக்ஸிமெத்திலேஸைக் கண்டுபிடித்தவர்கள் ஃப்ளாக்ஸும் கோஹனும், 1957-ல். தொற்றுக்கு முன் பாக்டீரியாவில் சுத்தமாக இல்லாத ஒரு நொதி வேலை, தொற்றிய சில நிமிடங்களில் வந்து நிற்கிறது. வைரஸ் தனக்கு வேண்டிய நொதிக்கான மரபுச்செய்தியைத் தானே கொண்டுவருகிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

குளுக்கோஸ் கதை வேறு. அது பாலிமரேஸ் வேலை முடித்த பிறகு, சுருளாகிவிட்ட டிஎன்ஏ மேலேயே ஒட்டப்படுகிறது. இரண்டு குளுக்கோசில்டிரான்ஸ்ஃபெரேஸ்கள், ஆல்ஃபாவுக்கு ஒன்று, பீட்டாவுக்கு ஒன்று. குளுக்கோஸைக் கொடுப்பது பாக்டீரியாவின் யூடிபி-குளுக்கோஸ்.

அளவைக் கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். டி4 மரபுத்தொகுதி சுமார் 1,69,000 கார இணைகள். அதில் ஜி-சி இணை 35 சதவீதம். அதாவது ஒரு ஃபேஜுக்கு ஏறக்குறைய 60,000 குளுக்கோஸ். ஒரு பாக்டீரியா வெடித்து 100 ஃபேஜ் வெளியே வருவதாக வைத்தால் 60 லட்சம் குளுக்கோஸ், அரை மணி நேரத்துக்குள். இவ்வளவு செலவு செய்து ஓர் அலங்காரத்தை எந்த உயிரும் வைத்துக்கொள்ளாது.

சுன்னாகம்_சுதன்

நன்றி. இப்ப விளங்குது. அப்படியென்றால் பற்றீரியாவின் டிஎன்ஏ-யில் இருப்பது சாதாரண சைற்றோசின். ஃபேஜுக்குத் தன்னுடையது எது, மற்றவருடையது எது என்று வேறுபடுத்த அதுவே போதுமானதல்லவா?

தேன்மொழி_கே

அதேதான் சார். டென்-ஏ, டென்-பி என்று இரண்டு மரபணுக்கள் டி4-ல் உண்டு. அவற்றின் நொதிகள் சைட்டோசின் இருக்கும் டிஎன்ஏவை மட்டும் வெட்டும். பாக்டீரியாவின் குரோமோசோம் துண்டு துண்டாகி, அந்தக் காரங்களே புது ஃபேஜ் டிஎன்ஏவுக்கு மூலப்பொருளாகின்றன. ஆல்க் என்று இன்னொரு புரதம், சைட்டோசின் உள்ள டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ படியெடுப்பதை நிறுத்திவிடுகிறது.

இதன் மறுபக்கமும் சுவையானது. 42, 56, டென்-பி, ஆல்க் இந்த நான்கையும் கெடுத்துவிட்டால் சாதாரண சைட்டோசினோடு வாழும் டி4 கிடைக்கும். ஆல்க்-ஐ மட்டும் கெடுக்காமல் விட்டால் ஃபேஜ் தன் மரபணுக்களின் படியெடுப்பையே நிறுத்திக்கொள்ளும். சைட்டோசின் உள்ள இந்த டி4-ஐ ஈகோஆர்-1 நன்றாகவே வெட்டும். 1979-ல் இப்படியொரு திரிபை வைத்து, டி4 பாக்டீரியா மரபணுக்களையும் தன் தலைக்குள் (ஃபேஜின் டிஎன்ஏ இருக்கும் புரதக் கூடு) அடைத்து வேறு பாக்டீரியாவுக்குக் கடத்தும் என்று காட்டினார்கள். இயல்பான டி4-ஆல் அது முடியாததற்குக் காரணம், பாக்டீரியா டிஎன்ஏ அதற்குள் பொடிப்பொடியாகிவிடுவதுதான்.

மின்மினி_ஆர்

படித்துக்கொண்டே வருகிறேன். ஒரு சந்தேகம். பாக்டீரியா தன் தற்காப்புக்கு வைத்திருக்கும், ஈகோஆர்-1 போன்ற ரெஸ்ட்ரிக்ஷன் நொதிகள் கண்டுபிடிக்கப்பட்டது 1970 வாக்கில் என்று படித்த நினைவு. குளுக்கோஸுக்கும் பாக்டீரியாவின் தற்காப்புக்கும் தொடர்பு உண்டு என்பது எப்போது தெரியவந்தது?

நுண்வலை

நிகழ்வு முதலில் கண்ணில் பட்டது 1952-ல், குளுக்கோஸோடு உள்ள தொடர்பு தெளிவானது 1960-களில். ரெஸ்ட்ரிக்ஷன், அதாவது பாக்டீரியா ஃபேஜை வளரவிடாமல் தடுக்கும் நிகழ்வே வெளிச்சத்துக்கு வந்தது டி2, டி4, டி6 என்ற இந்த இரட்டைப்படை எண் ஃபேஜ்களால்தான்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சால்வடோர் லூரியாவும் மேரி ஹியூமனும் ஈ. கோலையின் ஒரு திரிபை வைத்து வேலை செய்தார்கள். டி2 அதில் புகுந்தால் பாக்டீரியா சாகும், ஆனால் புது ஃபேஜ் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் சோதனைக்கு வைத்திருந்த ஈ. கோலை குழாய் உடைந்துபோக, லூரியா சக ஆய்வாளர் ஒருவரிடம் ஷிகெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவைக் கடன் வாங்கித் தட்டில் பரப்பினார். அதில் பிளேக்குகள் (ஃபேஜ் பாக்டீரியாவை அழித்த தெளிவான வட்டங்கள்) வந்தன! ஃபேஜ் உருவாகிக்கொண்டுதான் இருந்தது. ஈ. கோலையில் மட்டும் அதனால் வளர முடியவில்லை. ஷிகெல்லாவில் ஒரு சுற்று வளர்ந்து வந்தால் மறுபடி ஈ. கோலையிலும் வளரும். மரபணு மாறியிருந்தால் இப்படி ஒரே சுற்றில் திரும்பி வராது.

1960-களில் காரணம் தெளிவானது. அந்தத் திரிபால் யூடிபி-குளுக்கோஸ் செய்ய முடியாது. அதில் பிறக்கும் ஃபேஜின் டிஎன்ஏவில் ஹெச்எம்சி இருக்கும், குளுக்கோஸ் இருக்காது. அப்படி வெறும் ஹெச்எம்சி-யோடு வரும் டிஎன்ஏவைச் சாதாரண ஈ. கோலை வெட்டி எறிந்துவிடுகிறது. ஷிகெல்லாவிடம் அந்தக் கத்தி இல்லை.

1953-ல் பெர்தானியும் வைகிளும் வேறு ஃபேஜ்களில் இதே மாதிரி நடப்பதைக் காட்டினார்கள். 1962-ல் ஜெனீவாவில் வெர்னர் ஆர்பரும் டெய்சி டூசுவாவும் லாம்டாவில் இது டிஎன்ஏ மேல் இருக்கும் அடையாளத்தால் நடப்பது என்று நிறுவினார்கள். மின்மினி சொல்லும் 1970 ஹாமில்டன் ஸ்மித்தின் வேலை. ஆர்பர், ஸ்மித், நேதன்ஸ் மூவருக்கும் 1978-ல் நோபல் கிடைத்தது. இன்று எல்லா ஆய்வகக் குளிர்பெட்டியிலும் இருக்கும் ரெஸ்ட்ரிக்ஷன் நொதிகளின் வரலாறு, அந்த நொதிகளால் வெட்ட முடியாத ஒரு ஃபேஜிலிருந்து தொடங்குகிறது.

ஆய்வக_அணில்

முடிவுகள் வந்துவிட்டன. லாம்டாவும் டி4-ம் கலந்த குழாயில் லாம்டா முழுதாக வெட்டுப்பட்டது, டி4 மேலேயே நிற்கிறது. ட்ரா-1 போட்டதும் டி4 நிறையச் சின்னத் துண்டுகளாகிவிட்டது, மேல்பட்டை காணவே இல்லை. பிசிஆர் துண்டு ஈகோஆர்-1-ல் இரண்டாகப் பிரிந்து கணக்கிட்ட நீளத்திலேயே வந்தது. ஜெல் படத்தை வழிகாட்டியிடம் காட்டினேன், இதையே புராஜெக்டின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் நன்றி.

இன்னொரு கேள்வி. வெறும் ஹெச்எம்சி-யை வெட்டும் அந்தக் 'கத்தி' எது? குளுக்கோஸையும் வெட்டும் கத்தி ஏதாவது உண்டா?

தேன்மொழி_கே

உண்டு தம்பி.

படிப்படியாகப் பார்த்தால் இப்படிப் போகிறது. சாதாரண சைட்டோசின் உள்ள ஃபேஜை ஈகோஆர்-1 வகை நொதிகள் வெட்டும். ஃபேஜ் ஹெச்எம்சி-க்கு மாறினால் பல நொதிகள் தோற்கும். அதற்குப் பதிலடியாக ஈ. கோலை கே-12 திரிபிடம் எம்சிஆர்-ஏ, எம்சிஆர்-பிசி என்ற அமைப்புகள் இருக்கின்றன. மாற்றம் செய்யப்பட்ட சைட்டோசினைத் தேடிப்போய் வெட்டுபவை. ஃபேஜ் குளுக்கோஸ் ஒட்டினால் இவையும் தோற்கும். அதற்கும் பதில் உண்டு. சில ஈ. கோலை திரிபுகளில் உள்ள ஜிஎம்ஆர்-எஸ்டி நொதி குளுக்கோஸ் ஒட்டிய ஹெச்எம்சி டிஎன்ஏவை மட்டும் குறிவைத்து வெட்டும். டி4 அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறது. தலைக்குள் டிஎன்ஏவோடு சேர்த்து உள்புரதம்-1 என்று ஒன்றைச் சில நூறு பிரதிகள் அடைத்து வைத்திருக்கிறது. டிஎன்ஏ உள்ளே நுழையும்போதே அதுவும் நுழைந்து ஜிஎம்ஆர்-எஸ்டி-யை முடக்கிவிடும். லிண்ட்சே பிளாக்கின் ஆய்வகம் 2007-ல் இதைக் காட்டியது.

எனக்கு இதில் ரொம்ப நுட்பமாகப் படுவது வேறொரு இடம். புது டிஎன்ஏ இழை உருவாகி, குளுக்கோஸ் ஒட்டப்படும் வரை சிறிது நேரம் வெறும் ஹெச்எம்சி-யாக நிற்கும் அல்லவா? அந்த இடைவெளியில் எம்சிஆர்-பிசி வெட்டிவிடலாம். அதற்கென்று டி4 ஆர்ன் என்ற புரதத்தைச் செய்கிறது. அதன் வடிவமும் மேற்பரப்பின் மின்னேற்றமும் டிஎன்ஏவைப் போலவே இருக்கும். எம்சிஆர்-பிசி அதைப் பிடித்துக்கொண்டு ஏமாந்து நிற்கும்.

எம்சிஆர் என்ற பெயரை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். குளோனிங்குக்கு வாங்கும் ஈ. கோலை செல்களின் மரபுவகைப் பட்டியலில் எம்சிஆர்-ஏ நீக்கம், எம்சிஆர்-பிசி நீக்கம் என்று போட்டிருக்கும். தாவர, விலங்கு டிஎன்ஏவில் மெத்தில் சைட்டோசின் இருப்பதால் அதை நேரடியாக ஈ. கோலைக்குள் போட்டால் வெட்டுப்பட்டுவிடும். ராலேயும் வில்சனும் 1986-ல் அதைத் துப்புத் துலக்கியபோதுதான், பழைய ஃபேஜ்காரர்கள் 'குளுக்கோஸ் இல்லாததைத் தடுப்பவை' என்று பெயர் வைத்திருந்த அதே அமைப்புகள் இவை என்று தெரிந்தது.

வயல்வரப்பு

நான் வேளாண்மைத் துறையில் இருக்கிறேன், டிஎன்ஏ வேதியியல் என் வேலை இல்லை. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் வருடா வருடம் பார்க்கிறோம். அந்த சாந்தோமோனாஸ் ஒரைசேவைத் தாக்கும் ஃபேஜ்களிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா? ஃபேஜைத் தெளித்தால் பயன் கிடைக்குமா?

நுண்வலை

வயல்வரப்பு ஐயா, இருக்கிறது. பெயர் எக்ஸ்பி12. 1968-ல் தைவானில் விவரித்தார்கள். அதன் டிஎன்ஏவில் எல்லா சைட்டோசினும் 5-மெத்தில்சைட்டோசின். நம் உடம்பில் மரபணுக்களை அடக்கி வைக்க அங்கங்கே போடும் அதே மெத்தில் குறி, இந்த ஃபேஜில் ஒன்றுவிடாமல் எல்லா சி-யிலும். இந்த டிஎன்ஏவின் உருகுநிலையும் சாதாரண டிஎன்ஏவை விட உயர்வு.

தெளிப்பதைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் தக்காளியிலும் குடைமிளகாயிலும் வரும் சாந்தோமோனாஸ் புள்ளிநோய்க்கு ஃபேஜ் தயாரிப்பு ஒன்று 2005-லேயே பதிவு பெற்றிருக்கிறது. இலைமேல் பெரிய எதிரி வெயிலின் புற ஊதாக் கதிர். அதனால் சாயங்காலம் தெளிப்பது நல்லது என்பது பொதுவான அனுபவம். ஒரே ஃபேஜைத் தெளித்தால் பாக்டீரியா சீக்கிரம் எதிர்ப்புப் பெற்றுவிடும், கலவையாகத்தான் தர வேண்டும். கலவைக்கு ஃபேஜ் தேர்ந்தெடுக்கும்போது அவற்றின் டிஎன்ஏ எந்த மாற்றம் உடையது என்று பார்ப்பது அவசியம் என்பேன். வயலில் இருக்கும் திரிபுகளிடம் எந்தக் கத்தி இருக்கிறதென்று நமக்குத் தெரியாது.

பால்வீதி77

வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. அடினினே இல்லாத வைரஸ் இருக்கிறதாம், அதன் எழுத்து 'இசட்' விண்கல்லிலும் கிடைத்ததாம், எனவே அது வேற்றுக்கிரகத்திலிருந்து வந்ததாம். உண்மையா?

தேன்மொழி_கே

பாதி உண்மை. எஸ்-2எல் என்ற ஃபேஜ், நீலப்பசும்பாசியான சைனெகோகாக்கஸைத் தாக்குவது. 1977-ல் சோவியத் ஆய்வாளர்கள் அதன் டிஎன்ஏவில் அடினினுக்குப் பதில் 2-அமினோஅடினின் இருப்பதைக் கண்டார்கள். அதைத்தான் இசட் என்கிறார்கள். அடினினை விட ஓர் அமினோ தொகுதி கூடுதல் என்பதால் தைமினோடு இரண்டுக்குப் பதில் மூன்று ஹைட்ரஜன் பிணைப்பு.

அதே மூலக்கூறு முர்ச்சிசன் விண்கல்லில் இருப்பதாக 2011-ல் வந்ததும் உண்மை. அந்தக் கல் 1969-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்தது. ஆனால் இரண்டையும் முடிச்சுப் போடத் தேவையே இல்லை. இசட்டை ஃபேஜ் தான் தொற்றிய கலத்துக்குள்ளேயே செய்கிறது. 2021-ல் ஒரே நேரத்தில் வெளியான ஆய்வுகள் அந்த வழியை முழுக்கக் காட்டின: பர்-இசட் என்ற நொதி டிஜிஎம்பி-யை எடுத்து இசட்டுக்கு வழி செய்கிறது. அது ஏறக்குறைய எல்லா உயிரிலும் அடினின் செய்ய உதவும் பர்-ஏ நொதியின் உறவுக்கார நொதி. வேற்றுக்கிரகத்துச் சரக்கு எதுவும் இல்லை.

டி4-ல் நுண்வலை சொன்ன தந்திரம் இங்கும் வருகிறது பாருங்கள். எஸ்-2எல்-ன் பாலிமரேஸ் அடினினையும் இசட்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் டாட்-இசட் என்ற இன்னொரு நொதி கலத்திலுள்ள, அடினினைத் தரும் டிஏடிபி-யை உடைத்துக் காலி செய்கிறது. இரண்டு ஃபேஜுக்கும் உறவே கிடையாது, ஆனால் இரண்டும் கிடங்கைச் சுத்தம் செய்யும் அதே வழிக்கு வந்திருக்கின்றன. வேறு சில இசட் ஃபேஜ்கள் இசட்டையே விரும்பிச் சேர்க்கும் பாலிமரேஸை வைத்திருக்கின்றன.

மின்மினி_ஆர்

எல்லாமே ரெஸ்ட்ரிக்ஷனிலிருந்து தப்பிக்கத்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தேன்மொழி_கே

இல்லை. அப்படி ஒரே காரணத்தில் அடைப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். டெல்ஃப்டியா என்ற பாக்டீரியாவைத் தாக்கும் ஃபை-டபிள்யூ-14 ஃபேஜில் தைமின்களில் பாதி, புட்ரெசின் என்ற அமீன் ஒட்டியவை. புட்ரெசினுக்கு நேர்மின்னேற்றம். டிஎன்ஏவின் பாஸ்பேட்டுகள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளுவதை அது தணிக்கிறது. அதனால் தலைக்குள் டிஎன்ஏவை இன்னும் இறுக்கமாக அடைக்க முடிகிறது. ஃபேஜுக்கு அடைப்பது லேசான வேலை இல்லை. டி4-ல் 50 மைக்ரானுக்கு மேல் நீளமான டிஎன்ஏ, ஒரு மைக்ரானில் எட்டில் ஒரு பங்கு நீளமுள்ள தலைக்குள் போக வேண்டும்.

பேசில்லஸ் சப்டிலிஸைத் தாக்கும் எஸ்பிஓ1-ல் தைமினுக்குப் பதில் ஹைட்ராக்ஸிமெத்தில்யுராசில். அந்த ஃபேஜின் டிஎஃப்1 என்ற புரதம் அந்தக் காரம் உள்ள டிஎன்ஏவைத்தான் விரும்பிப் பற்றும். அங்கே மாற்றம் கவசமாக மட்டும் இல்லாமல் அடையாள அட்டையாகவும் பயன்படுகிறது.

நுண்வலை

ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் போரின் பங்கைக் குறைத்துவிட வேண்டாம். பிபிஎஸ்2 ஃபேஜை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பேசில்லஸைத் தாக்குவது. அதன் டிஎன்ஏவில் தைமினே இல்லை, ஆர்என்ஏவில் இருக்கும் யுராசில்தான் இருக்கிறது. எந்தக் கலமும் டிஎன்ஏவில் யுராசிலைப் பார்த்தால் சைட்டோசின் கெட்டுப்போய் வந்த பிழை என்று எடுத்து, யுராசில் கிளைகோசிலேஸ் நொதியால் வெட்டி நீக்கும். முழு டிஎன்ஏவும் 'பிழை'யாக இருக்கும் ஃபேஜ் எப்படிப் பிழைக்கும்? யூஜிஐ என்று 84 அமினோ அமிலமே உள்ள குட்டிப் புரதம் ஒன்றைச் செய்து அந்த நொதியின் வாயை அடைத்துவிடுகிறது.

இந்த யூஜிஐ-க்கு இன்று மருத்துவத்தில் வேலை கிடைத்திருக்கிறது. 2016-ல் டேவிட் லியூவின் ஆய்வகம் செய்த பேஸ் எடிட்டர், டிஎன்ஏவை இரண்டாக வெட்டாமல் ஒரு சி-யை யுராசிலாக மாற்றி அதன் வழியே டி ஆக்குகிறது. செல் அந்த யுராசிலைப் பழுதுபார்த்துவிட்டால் வேலை கெட்டுப்போகும். எனவே கருவியோடு யூஜிஐ-யையும் ஒட்டினார்கள். ஒரு மண் பாக்டீரியாவின் வைரஸில் இருந்த புரதம் இப்போது மனித செல்லுக்குள் மரபணுத் திருத்தத்துக்கு உதவுகிறது.

டி4-ன் பீட்டா குளுக்கோசில்டிரான்ஸ்ஃபெரேஸும் அப்படித்தான். 2009-ல் பாலூட்டிகளின் மூளை நரம்பு செல்களிலும் கருத்தண்டு செல்களிலும் ஹெச்எம்சி இருப்பது தெரிந்தது. அது எங்கெங்கே இருக்கிறது என்று தேட, டி4 நொதியை வைத்தே குளுக்கோஸ் ஒட்டிக் குறியிடுகிறார்கள். ஃபேஜ் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது 'இதனால் என்ன பயன்' என்று கேட்பவர்களிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

மின்மினி_ஆர்

பாக்டீரியாவின் இன்னொரு தற்காப்பு அமைப்பான கிரிஸ்ப்ரிடமிருந்தும் குளுக்கோஸ் காப்பாற்றுமா?

தேன்மொழி_கே

ஓரளவு. கிரிஸ்ப்ரின் டிஎன்ஏ வெட்டும் நொதியான கேஸ்9-ஐ டி4-க்கு எதிராக ஈ. கோலையில் வைத்துப் பார்த்ததில், குளுக்கோஸும் ஹெச்எம்சி-யும் இல்லாத டி4 எளிதில் அழிந்தது, இயல்பான டி4 நன்றாகவே தாக்குப்பிடித்தது. ஆனால் கவசம் முழுமையானதில்லை. குறிவைக்கும் இடத்தைப் பொறுத்து கேஸ்9 இயல்பான டி4-ஐயும் வெட்டுகிறது. வாஷிங்டனில் வெனிகல்லா ராவின் குழு அதையே பயன்படுத்தி டி4 மரபுத்தொகுதியைத் திருத்துகிறது.

முழுமையாக ஒதுங்கும் வழியை வேறு ஃபேஜ்கள் கண்டுபிடித்திருக்கின்றன. சூடோமோனாஸைத் தாக்கும் ஃபை-கேஇசட் போன்ற ராட்சத ஃபேஜ்கள், பாக்டீரியாவுக்குள் புரதத்தால் ஓர் உறை கட்டி அதற்குள் தம் டிஎன்ஏவை வைத்துக்கொள்கின்றன. டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்ப்ர் அமைப்புகள் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆனால் ஆர்என்ஏ வெளியே வந்தாக வேண்டும், அதனால் ஆர்என்ஏவைக் குறிவைக்கும் கேஸ்13 அவற்றைத் தாக்குகிறது. 2020-ல் வந்த ஆய்வுகள்.

ஆய்வக_அணில்

எங்கள் ஊர்ச் சாக்கடை நீரிலிருந்து பிரித்த புது ஃபேஜ் ஒன்றும் கையில் இருக்கிறது. அதையும் பல நொதிகள் வெட்டவில்லை. வரிசைப்படுத்த வெளியே அனுப்பினால் அதில் எந்தக் காரம் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடுமா?

நுண்வலை

வழக்கமான வரிசைப்படுத்தலில் தெரியாது. அதில் டிஎன்ஏவைப் பெருக்கித்தான் படிக்கிறார்கள், பெருக்கும்போதே மாற்றம் மறைந்து சாதாரண ஏ, டி, ஜி, சி ஆகிவிடும். தரவுத்தளத்தில் நீங்கள் பார்த்த டி4 வரிசையிலும் சி என்றுதான் போட்டிருக்கிறது, ஒரு குளுக்கோஸ் கூட அதில் தெரியாது. இதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். வரிசை என்பது டிஎன்ஏவின் வேதியியல் ஆகாது.

இரண்டு விதமாகப் போகலாம். வரிசை வந்ததும் மரபணுக்களைப் பாருங்கள். டிசிஎம்பி ஹைட்ராக்ஸிமெத்திலேஸ், குளுக்கோசில்டிரான்ஸ்ஃபெரேஸ், பர்-இசட், யூஜிஐ போன்றவற்றின் உறவு மரபணு இருந்தால் அதுவே துப்பு. உறுதிசெய்ய டிஎன்ஏவை நியூக்ளியேஸ் பி1, அப்புறம் பாஸ்ஃபடேஸ் போட்டு நியூக்ளியோசைடுகளாக உடைத்து, திரவ நிறப்பகுப்போடு நிறை நிறமாலை எடுக்க வேண்டும். டி4-ஐயும் லாம்டாவையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்தே அனுப்புங்கள். இன்னொரு வழி நானோபோர். அது பெருக்காத டிஎன்ஏவையே நேரடியாகத் துளைவழி இழுத்துப் படிப்பதால் மாறிய காரம் மின்னோட்டத்தில் வித்தியாசம் காட்டும். அதே ஃபேஜின் பெருக்கிய டிஎன்ஏவையும் பக்கத்தில் ஓட்டினால் எந்த எழுத்தில் வித்தியாசம் என்று பிடித்துவிடலாம்.

எந்தெந்த நொதி வெட்டியது, எது வெட்டவில்லை என்ற பட்டியலை அவற்றின் இடவரிசையோடு இங்கே போடுங்கள். சி உள்ள இடங்கள் மட்டும் தப்பிக்கின்றனவா, ஜி-யோ டி-யோ சம்பந்தப்படுகிறதா என்று அதிலிருந்தே ஓரளவு ஊகிக்க முடியும்.